நிப்பில் வைத்த சந்தனம்

தங்கை பாரதி எதையெல்லாம் வென்றாள் என்று செல்லம் சொல்ல ஆரம்பித்தால் வரிசை ஒருநாளும் மாறாது. ஏழாம் வகுப்பில், நிப்பு வளைந்த இரவல் பேனாவை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டியில் முதல் பரிசு. கடல் ஊருக்குள் வந்து புத்தகப் பையையும் வீட்டுச் சுவரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போன வருஷம், முகாமில் பிறத்தியார் புத்தகத்தை வாங்கிப் படித்து முழுப் பரீட்சையில் வகுப்பிலேயே முதலிடம். "பொம்பளப் புள்ளைக்கி எதுக்கு இவ்வளவு படிப்பு" என்று தெருவே திரண்டுவந்து அப்பாவிடம் பேசிவிட்டுப் போன பிறகும் பன்னிரண்டாம் வகுப்பு. அதற்குமேல் ஆசிரியர் பயிற்சி. கிளிஞ்சல்மேட்டில் அவர்கள் தெருவிலிருந்து 'டீச்சர்' என்று கூப்பிடப்பட்ட முதல் பெண் அவள்தான். இவ்வளவும் சொல்லி முடித்துவிட்டு ஒரு மூச்சு விட்டு, "அப்பறம் இந்தக் கை" என்பாள் செல்லம். அந்த இடத்தில் அவள் குரல் பெருமைக் குரலாக இருக்காது. சண்டைக்கு இழுக்கும் குரலாக இருக்கும்.

செல்லம் எட்டாவதோடு நின்றவள். மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். அவள் பலகையில் மீன் அடுக்கினால் எல்லா மீனும் ஒரே பக்கம் பார்க்கும். ஒன்று திரும்பியிருந்தாலும் திருத்தி வைத்துவிட்டுத்தான் விலை சொல்வாள். வாடிக்கைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். தங்கையின் வாழ்க்கையையும் அவள் அப்படித்தான் அடுக்கி வைத்திருந்தாள். அதில் ஒரு லாரி வந்து மோதியது.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று ஐப்பசி மழை. பாரதியும் அவள் புருஷன் ஆனந்தராஜும் வண்டியில் கீழவாஞ்சூர் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஆனந்தராஜ் படகு இஞ்சின் மெக்கானிக். வண்டியை நிதானமாகத்தான் ஓட்டுவான். பின்னால் வந்த லாரி உரசிவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவளுக்கு வலது தோளுக்குக் கீழே நரம்பு அறுந்துவிட்டது. கை இருந்தது. விரல்கள் ஐந்தும் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட அவள் பேச்சைக் கேட்கவில்லை.

ஆறு மாதம் பார்த்துவிட்டு, "இனி இவ்வளவுதான்" என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கே பாரதி இடது கையில் பால் பாயின்ட் பேனாவை எடுத்தாள். மூன்று வரி எழுதுவதற்குள் கழுத்துவரை வலித்தது. அழுத்தினால்தான் அந்தப் பேனா எழுதும்; இடது கைக்கு அழுத்தத் தெரியவில்லை. கோடு பாதியில் அறுந்தது. பேனாவைச் சுவரில் விட்டெறிந்தாள். அதை எடுத்துக்கொண்டு செல்லம் நேரே கடைத்தெருவுக்குப் போனாள்.

"இது எழுதல. அழுத்தாம எழுதுற பேனா குடுங்க" என்றாள் சஃபியுல்லாவிடம். அவர் ஸ்டேஷனரி கடை வைத்திருப்பவர். அவர் வீட்டுக்கு மீன் கொடுப்பது செல்லம்தான்.

"அழுத்தாம எழுதணும்னா இங்க் பேனாதான்க்கா. யாருக்கு?"

"எந்தங்கச்சிக்கி. எடது கை."

"எடது கைக்கி மை ஈஷுமே. எழுதி முடிச்ச எழுத்து மேலயே கை போவும்."

"ஈஷுனா தொடச்சிக்கிறோம். நீங்க பேனாவக் குடுக்குறீங்களா, இல்ல நாளையிலேருந்து கொடுவா மீனுக்கு வேற ஆளப் பாக்குறீங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். கறுப்பு உடல், மெல்லிய நிப்பு. கூடவே ஒரு நீல மைப் புட்டி.

அவர் சொன்னது சரிதான். முதல் மாதம் பாரதியின் இடது உள்ளங்கை விளிம்பு சுண்டு விரல்வரை நீலமாகவே இருந்தது. தலையணை உறை நீலமானது. மகள் தீபாவின் பள்ளிச் சட்டைக் காலரில் நீலம். ஆனந்தராஜின் வெள்ளை வேட்டியில், சொல்ல முடியாத இடத்தில் நீலம்.

"ஏங்க, வேட்டிய ஊற வைக்கட்டுமா?" என்று பாரதி கேட்டால், "விடு, தொறையில எல்லாரும் கேட்டுட்டாங்க. எம்பொண்டாட்டி கையெழுத்துன்னு சொல்லிட்டேன்" என்பான்.

மாமியாருக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. "பீச்சாங்கையால எழுதுறதே தரித்திரம். அதுல வீடு பூரா மையி வேற" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். பேனாவைக் கழுவக் குழாயடிக்குப் போனால், "சோறு வடிக்கிற எடத்துல ஊத்தாத." முற்றத்தில் ஊற்றினால், "துளசிக்கிட்ட ஊத்தாத." ஒருநாள் சாமி மாடத்துப் பக்கத்தில் பேனா இருந்ததைப் பார்த்து, "பீச்சாங்கை தொட்ட சாமான் சாமிகிட்ட வரக் கூடாது" என்று விளக்குமாற்றால் தள்ளிவிட்டார். செல்லம் அப்போது மீன் கூடையோடு வாசலில் நின்றிருந்தாள். அவள் பல்லைக் கடித்த சத்தம் கூடையில் கிடந்த மீனுக்கே கேட்டிருக்கும். பாரதிதான் கண்ணைக் காட்டி அடக்கினாள்.

ஆனால் பாரதி அந்தப் பேனாக்களோடு இருந்த நேரம் வேறு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மீன் குழம்புச் சட்டி கழுவிக் கவிழ்த்த பிறகு, பழைய பேப்பரை விரித்துப் பேனாக்களைப் பரப்புவாள். ஒன்று ஐந்தாகியிருந்தது. நான்கு புட்டி மை. தொடைகளுக்கு நடுவே புட்டியை இடுக்கி, இடது கையால் மூடியைத் திருகி, சொட்டுக்குழாயால் மையை உறிஞ்சி, ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல் பேனாவுக்குள் இறக்குவாள். அப்போது அவள் நாக்கு நுனி வெளியே வந்திருக்கும், ஏழாம் வகுப்பில் வந்த மாதிரியே. கடற்காற்றில் தாள் நமுத்துப்போனால் மை ஊறிப் பரவும் என்பதால், தாளை அரிசி டின்னுக்குள் வைத்து உலர்த்தி எடுப்பாள். எந்த மை சீக்கிரம் காயும், எது காய்ந்தபிறகும் கையில் ஒட்டும் என்று விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பாள். தாளை நேராக வைக்காமல் குறுக்காகத் திருப்பிவைத்து, கை எழுத்துக்குக் கீழேயே நகரும்படி எழுதினால் ஈஷாது என்று அவளே கண்டுபிடித்தாள்.

"இது என்ன கலருடி?" என்று செல்லம் கேட்பாள்.

"கருநீலம்."

"போடி. இது வஞ்சிரம் முதுகு. புடிச்ச ஒடனே பாக்கணும், அப்பிடியே இந்தக் கலரு. ஐஸுல போட்டா போயிடும்."

அன்றிலிருந்து அந்த மைக்கு வஞ்சிரம் என்றே பெயர். பச்சைக்கு நண்டு. பழுப்புக்குக் கருவாடு. செல்லம் மீன் பெயர்களாகச் சொல்லச் சொல்ல பாரதி எழுதுவாள். கானாங்கெளுத்தி என்ற சொல்லில்தான் பேனா நன்றாக ஓடுகிறதா என்று தெரியும் என்பாள். அதில் வளைவும் இருக்கிறது, கொம்பும் இருக்கிறது. தாள் தாளாகக் கானாங்கெளுத்தி. எழுத்து நிமிர்ந்தது. பிறகு அழகானது.

ஒன்றை மட்டும் அவள் எழுதவே இல்லை. தன் பெயரை.

"ஏண்டி, ஊருல உள்ள மீனெல்லாம் எழுதுற. ஒம்பேர எழுதேன்."

"எழுதுனா அது கையெழுத்தா இருக்கணும்க்கா. எழுதிப் பாக்குற எழுத்தா இருக்கக் கூடாது. அது வரைக்கும் தொட மாட்டேன்."

இதற்குக் காரணம் இருந்தது. அதை நினைத்தால் செல்லத்துக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது.

ஜூன் மாதம் பாரதி கோவில்பத்தில் உள்ள அந்தத் தனியார் பள்ளிக்கு வேலைக்குத் திரும்பிய முதல் நாள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் பேனாவை இடது கையில் எடுத்தாள். தாளாளர் சோமசேகரன் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மேசை டிராயரிலிருந்து ஊதா மை ஒத்தும் பெட்டியை எடுத்துத் திறந்து வைத்தார்.

"கிறுக்க வேணாம் டீச்சர். பெருவிரல வச்சுட்டுப் போங்க. கையெழுத்துப் போட முடியாதவங்களுக்கு இதான் வழி."

மற்ற ஆசிரியைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாரதி பெருவிரலை வைத்தாள். அன்று முதல் தினமும் வைத்தாள். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறவள் தினமும் காலையில் கைநாட்டு வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள். மாதத் தேர்வு அட்டைகளில் அவளுடைய வகுப்புக்கு வேறொரு ஆசிரியை, தாமரைச்செல்வி, கையெழுத்துப் போட்டாள். விஷயம் தெரிந்த அன்று செல்லம் மீன் பலகையை அப்படியே பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டுக் கூடையோடு பள்ளிக்கூட வாசலுக்குப் போய் நின்றாள்.

"நீங்கதான் தாளாளரா? எந்தங்கச்சி எழுதுறத ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க."

"நீங்க யாரும்மா? இங்க மீன் வாசனையோட உள்ள வரக் கூடாது."

"வாசனை இந்தக் கூடையில இருக்குங்க. நீங்க செஞ்ச காரியத்தோட வாசனை எங்கேருந்து வருதுன்னுதான் தெரியல."

வாட்ச்மேன் கேட்டை மூடினார். மறுநாள் பாரதி அக்காவோடு பேசவில்லை. அதற்கு மறுநாள் பேசினாள். "நீ போயி சத்தம் போட்டா அவரு பதிலுக்குச் சத்தம் போடுவாரு. நான் போயி எழுதுறேன். அதுக்கு அவருக்குப் பதில் இருக்காது. நீ மட்டும் கொஞ்சம் பொறுத்துக்க."

செல்லம் பொறுத்துக்கொண்டாள். கோபம் போகவில்லை, கூடையின் அடியில் ஐஸுக்குக் கீழே வைத்த மாதிரி கெடாமல் இருந்தது.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் பாரதி எழுதிய தாள்களைத் தானே கொண்டுபோய் சோமசேகரன் மேசையில் வைத்தாள். அவர் புரட்டிப் பார்த்தார். மீன் பெயர்களாக இருப்பதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு சொன்னார்:

"வீட்டுல உக்காந்து நிதானமா எழுதறது வேற. பெற்றோர் கையில போற ரேங்க் கார்டு வேற. பூசை லீவு முடிஞ்சு திங்கக்கெழம வாங்க. ஒங்க வகுப்பு அட்ட எல்லாத்துலயும் என் முன்னாடி கையெழுத்துப் போடுங்க. மொத அட்டையும் கடைசி அட்டையும் ஒரே மாதிரி இருக்கணும். இல்லேன்னா வகுப்பு தாமரைச்செல்விக்கு. நீங்க எல்கேஜி ஆயாவுக்கு ஒத்தாசையா இருங்க."

பயிற்சி முடித்த டீச்சருக்கு ஆயா வேலை. அதுதான் விஷயம்.

ஆயுத பூசை வெள்ளிக்கிழமை வந்தது. மீன்பிடிக்கிறவர்கள் வீட்டில் அன்றைக்குப் பெரிய வேலை. இஞ்சினையும் வலையையும் கழுவி, கத்தி, அரிவாள்மனை, தூண்டில், ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் படைப்பார்கள். பாரதி தன் ஐந்து பேனாக்களையும் துடைத்து மூடியோடு ஒரு தட்டில் அடுக்கி, புத்தகங்களின் மேல் வைத்தாள். மாமியார் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டிருந்தார். படைத்த சாமான்களை அடுத்த நாள் பூசை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. பாரதியும் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்லம் மீனோடு வந்தபோது பாரதி கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஐந்து பேனா. ஐந்தும் மூடி திறந்து கிடந்தன. ஒவ்வொரு நிப்பின் முனையிலும் மஞ்சள் உருண்டையாகச் சந்தனம், அதன் நடுவே குங்குமம். இரண்டு நாள் காய்ந்து இறுகியிருந்தது. மூடியைப் போட்டு அழுத்தியதில் சந்தனம் நிப்புக்கு அடியில் இருக்கும் கறுப்புக் கட்டைக்குள் புகுந்து, மையோடு கலந்து கல்லாகியிருந்தது.

"யாருடி இதச் செஞ்சது?"

அடுப்படியிலிருந்து மாமியார் வந்தார். அவர் முகத்தில் பயமும் இல்லை, குற்ற உணர்ச்சியும் இல்லை. திருப்தி இருந்தது.

"நான்தான் வச்சேன். அது பாட்டுக்கு மூடி மேல வச்சா யாருக்கு வச்ச மாதிரி? கத்திக்கி முனையில வைக்கிறோம். தூண்டிலுக்கு முள்ளுல வைக்கிறோம். இஞ்சினுக்கு விசிறியில வைக்கிறோம். வேல செய்யிற எடத்துலதான வைக்கணும்? பேனாவுக்கு வாயிதானே வேல செய்யிது? நாளைக்கி இந்தப் புள்ள ஸ்கூல்ல கையெழுத்துப் போடணுமாம். நல்லா ஓடட்டும்னு வேண்டிக்கிட்டு வச்சேன்."

செல்லம் பேனாக்களைப் பார்த்தாள். பீச்சாங்கை தொட்ட சாமான் என்று விளக்குமாற்றால் தள்ளிய அதே கை, அதை இஞ்சினுக்குச் சமமாக சாமிக்கு முன் வைத்துப் பொட்டு வைத்திருக்கிறது. இந்த வீட்டில் இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அந்த மரியாதைதான் பேனாவைக் கொன்றிருக்கிறது. இதற்கு யாரைத் திட்டுவது? ஐந்து மாதமாகச் சேர்த்து வைத்த வசவுக்குப் போக இடமில்லை. மீன் பாத்திரத்தைத் தரையில் இறக்கிய வேகத்தில் மூடி எகிறிக் கதவுவரை உருண்டது.

"என்ன இப்ப? நான் ஏதாவது தப்பாச் செஞ்சிட்டனா?" என்றார் மாமியார்.

"ஒண்ணும் இல்லத்த. நீங்க போயி மீனப் பாருங்க" என்றாள் பாரதி. குரல் உடையவில்லை. கண் மட்டும் உடைந்திருந்தது.

புதுப் பேனா வாங்கிப் பயனில்லை. வலது கைக்காரர்கள் நிப்பை இழுத்து எழுதுகிறார்கள். இடது கைக்கு அதைத் தள்ள வேண்டும். புது நிப்பு தாளைக் கிழிக்கும். அந்தக் கறுப்புப் பேனா அவள் தள்ளுக்குத் தேய்ந்து பழக மாதக்கணக்கானது.

செல்லம் முந்தானையைச் செருகிக்கொண்டாள். "வெந்நி வையி."

அடுப்பில் வெந்நீர் ஆறி வெதுவெதுப்பானதும் ஐந்தையும் ஊறப் போட்டார்கள். தண்ணீர் மஞ்சளாகி, சிவப்பாகி, நீலமாகி, கடைசியில் பெயர் சொல்ல முடியாத நிறமாகியது. நிப்பையும் கட்டையையும் ஈரத் துணியால் பிடித்து இழுத்துக் கழற்றினாள் செல்லம். ஒரு பேனாவில் கோபம் கொஞ்சம் கூடிப்போய் நிப்பு நெளிந்தது. "போச்சு" என்று அதைத் தூர வைத்தாள். இன்னொன்றில் கட்டை விரிந்தே போயிற்று. ஆனந்தராஜ் வலையிலிருந்து மெல்லிய நைலான் நரம்பு ஒன்றை அறுத்துக்கொண்டுவந்து கொடுத்தான். அதை நிப்பின் பிளவுக்குள் விட்டு, முடிச்சு விழாமல், மீனின் முள்ளை உருவுகிற மாதிரி மேலும் கீழும் இழுத்தாள். சந்தனம் துகள் துகளாக வந்தது.

"பாவி மக்கா," என்றாள் யாரையும் பார்க்காமல். "அந்த ஆளு ஊதாப் பொட்டி வச்சிருக்கான். இவங்க சந்தனம் வச்சிருக்காங்க. எல்லாரும் சேந்து என் தங்கச்சி பேனா மேலயே வைக்கிறானுங்க."

பாரதி சிரித்துவிட்டாள். அன்றைக்கு முதல் தடவையாக.

சாயங்காலம் கறுப்புப் பேனாவில் வஞ்சிரம் மையை இறக்கினார்கள். முதல் கோடு வரவில்லை. இரண்டாவது கோடு சிவப்பாக வந்தது. பத்தாவது கோட்டில் நீலம் வந்தது, ஓரத்தில் மட்டும் லேசான குங்குமம் கலந்து. பாரதி தாளை மூக்கருகே கொண்டுபோனாள்.

"அக்கா, மையி மணக்குது."

"சீ, எழுதிப் பாரு."

கானாங்கெளுத்தி என்று எழுதினாள். ஒரு வளைவில் மட்டும் பிடித்து நின்று, பிறகு ஓடியது. பெயரை எழுதவில்லை.

திங்கட்கிழமை செல்லம் மார்க்கெட்டுக்குப் போகவில்லை. குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, வெளுத்த புடவை கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். வாட்ச்மேன் அவளை அடையாளம் கண்டு கேட்டைப் பிடித்துக்கொண்டார். "கூடையில்ல, பாருங்க" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு உள்ளே போய்த் தாளாளர் அறை ஜன்னலருகே நின்றாள்.

மேசையில் அட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. பாரதி முதல் அட்டையை எடுத்துக் குறுக்காகத் திருப்பிப் படுக்கவைத்தாள்.

"ஏன் டீச்சர், அட்டையக்கூட நேரா வைக்கத் தெரியாதா?" என்றார் சோமசேகரன்.

"என் கை கீழேருந்து வருது சார். மையி காயறதுக்குள்ள மேல படக் கூடாது."

பேனா இறங்கியது. பாரதி. மூன்றே எழுத்து. செல்லத்துக்கு ஜன்னல் கம்பி கையில் பதிந்தது. இரண்டாவது அட்டை. மூன்றாவது. அடுக்கு குறைந்துகொண்டே வந்தது. சோமசேகரன் ஆரம்பத்தில் பார்த்தார், பிறகு போனில் பேசினார், பிறகு பேச்சை நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தார்.

கடைசிச் சில அட்டைகள் இருக்கும்போது பேனா நின்றது. அரைச் சுழி போட்டுவிட்டு வெறும் தாளைக் கீறியது. உள்ளே எங்கோ தங்கியிருந்த சந்தனம்.

"அவ்வளவுதானா?" என்றார் அவர்.

பாரதி மடியில் கிடந்த வலது கையை இடது கையால் தூக்கி மேசை மேல் வைத்தாள், ஒரு சாமானை எடுத்து வைப்பதுபோல. அதன் விரல்களைப் பிரித்து, உள்ளங்கையில் நிப்பைப் புரட்டிப் புரட்டித் தேய்த்தாள். உணர்ச்சியில்லாத தோலில் மஞ்சளாக ஒரு கோடு விழுந்தது. பிறகு சிவப்பு. பிறகு நீலம். அரைச் சுழியை விட்ட இடத்திலிருந்தே முடித்தாள். மிச்ச அட்டைகளும் முடிந்தன.

சோமசேகரன் முதல் அட்டையையும் கடைசி அட்டையையும் அருகருகே வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ம். சரி. வகுப்புக்குப் போங்க."

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குங்க" என்றது ஜன்னலிலிருந்து ஒரு குரல்.

"நீங்க எப்ப உள்ள வந்தீங்க?"

"அந்த ஊதாப் பொட்டிய எடுத்து உள்ள வைங்க. எடுத்து வச்சாத்தான் நான் இந்த எடத்த விட்டு நவருவேன். என்னைய வாட்ச்மேன விட்டு இழுத்துக்கிட்டுப் போனாலும் சரிதான். வெளியில நின்னு சொல்லுவேன், கேட்டுல நிக்கிற தாய் தகப்பன் அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லுவேன். டீச்சருகிட்ட கைநாட்டு வாங்குன பள்ளிக்கூடம்னு."

"அக்கா" என்றாள் பாரதி. அது தடுக்கிற குரலாக இல்லை.

சோமசேகரன் பெட்டியை மூடி டிராயருக்குள் போட்டார். டிராயர் சரியாகச் சாத்தவில்லை. இரண்டாவது தடவை இடித்துச் சாத்தினார். பதிவேட்டைப் பாரதி பக்கம் தள்ளினார்.

பாரதி அதைக் குறுக்காகத் திருப்பினாள். அவள் பெயருக்கு எதிரே அந்த மாதத்துக் கட்டங்களில் பள்ளி நடந்த நாளெல்லாம் ஊதா நிறத்தில் பெருவிரல். விடுமுறை நாட்களுக்குக் கோடு. அதற்கு அடுத்த கட்டத்தில், குங்குமம் லேசாகக் கலந்த வஞ்சிரம் முதுகு நிறத்தில், பாரதி என்று போட்டாள். மை காயும்வரை கையை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு, வேண்டியதில்லை என்றாலும், அதன் கீழேயே பொடியாகத் தேதியையும் எழுதினாள்: 14.10.2024.